சீட்டு விழாத நாட்கள்

டெக்ஸஸ் ஹோல்டெம் போக்கரில் ஒவ்வொருவருக்கும் முதலில் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படுகின்றன. பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் விரிகின்றன. ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவருக்கு நடுவில் சேர்ந்த பணம் போகும். 52 சீட்டுக் கட்டிலிருந்து முதல் இரண்டு சீட்டுகள் 1,326 விதங்களில் வரலாம். அவற்றில் ஆறு மட்டுமே ஏஸ் ஜோடி. 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. கேசினோ மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம் நடக்கிறதென்றால், ஒரு ஏஸ் ஜோடியைப் பார்க்கச் சராசரியாக ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும்.

அப்படிக் காத்திருந்த ஒருவருக்கு அந்த ஜோடி வருகிறது. எதிரே இருப்பவரிடம் ராஜா ஜோடி. பொதுச் சீட்டு ஒன்றுகூட விரியும் முன்பே இருவரும் தங்கள் முன்னால் அடுக்கியிருந்த சிப் முழுவதையும் நடுவில் தள்ளிவிடுகிறார்கள். இதற்கு ஆல்-இன் என்று பெயர். சீட்டுகளைத் திருப்பிப் போட்ட பிறகு இருவரும் செய்ய ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். மீதமுள்ள 48 சீட்டுகளிலிருந்து ஐந்து சீட்டுகள் 17,12,304 விதங்களில் விழலாம். அவற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 82 ஏஸுக்குச் சாதகம், 18 ராஜாவுக்கு. ஏஸ் வைத்திருந்தவர் எடுத்த முடிவு அப்பழுக்கில்லாதது. ஆனாலும் மூன்றாவது சீட்டாக ஒரு ராஜா விழுந்துவிட்டால் அவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் எழுந்திருக்க வேண்டும்.

இந்த ஒரு ஆட்டத்துக்குள்ளேயே இந்த அத்தியாயத்தின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. போக்கரில் பணத்தை எண்ணும் அலகு பிக் பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே கட்ட வேண்டிய பெரிய பந்தயத் தொகை. இங்கே சுருக்கமாக பிளைண்ட் என்றே சொல்லலாம். இருவரும் தலைக்கு 100 பிளைண்ட் வைத்திருந்தார்கள் என்போம். ஏஸ்காரர் ஜெயித்தால் 100 லாபம், தோற்றால் 100 நஷ்டம். 82-க்கு 18 என்ற விகிதத்தில் சராசரி எடுத்தால் 64 பிளைண்ட் லாபம் வருகிறது. இதுதான் எதிர்பார்ப்பு மதிப்பு. ஆனால் 64 பிளைண்டை எந்த ஆட்டத்திலும் யாரும் கையில் வாங்கியதில்லை. கிடைப்பது 100, அல்லது இழப்பது 100. உண்மையில் கிடைக்கும் தொகை சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கும் என்பதைச் சொல்லத் தனியாக ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது.

அந்த அளவுகோலுக்கு 1918-இல் ரொனால்ட் ஃபிஷர் வைத்த பெயர்தான் வேரியன்ஸ். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் இது விலக்க வர்க்கச் சராசரி. பெயரிலேயே செய்முறை இருக்கிறது: விலக்கத்தை எடு, வர்க்கப்படுத்து, சராசரி காண். ஏஸ்காரர் ஜெயித்தால் 64-லிருந்து 36 மேலே விலகல். தோற்றால் 164 கீழே விலகல். 36-இன் வர்க்கம் 1,296, 164-இன் வர்க்கம் 26,896. முன்னதற்கு 82 சதவீதமும் பின்னதற்கு 18 சதவீதமும் எடை கொடுத்துக் கூட்டினால் 5,904. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 77 பிளைண்ட். இது திட்ட விலக்கம். போக்கரில் இதைவிடச் சாதகமான நிலை அடிக்கடி வாய்ப்பதில்லை. அங்கேயே ஊசலாட்டம் எதிர்பார்ப்பைவிடப் பெரியதாக இருக்கிறது: எதிர்பார்ப்பு 64, அதைச் சுற்றிய ஊசலாட்டம் 77.

இதே சூழ்நிலை ஐந்து முறை வந்தால் ஐந்திலும் ஏஸ் ஜெயிக்கும் வாய்ப்பு 37 சதவீதம்தான். ஒரு முறையாவது தோற்பதே அதிகம் நடக்கக்கூடியது. போக்கர் மேசையில் காதில் விழும் புலம்பல்களில் பெரும் பகுதி, நடந்தே தீர வேண்டிய இந்த 18 சதவீதத்தைப் பற்றியது.

ஒரு ஆட்டத்திலிருந்து பல ஆயிரம் ஆட்டங்களுக்குப் போகும்போது கணக்கின் முகம் மாறுகிறது. நோ-லிமிட் ஹோல்டெமில் நல்ல ஆட்டக்காரர் என்று மதிக்கப்படுபவர் நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக 5 பிளைண்ட் சம்பாதிக்கிறார் என்று கொள்ளலாம். அதே நூறு ஆட்டத்தில் திட்ட விலக்கம் பொதுவாக 80-லிருந்து 100 பிளைண்ட் வரை இருக்கும். 90 என்று வைத்துக்கொள்வோம். திறமையால் வரும் வருமானத்தைப்போலப் பதினெட்டு மடங்கு ஊசலாட்டம்! தனி ஆட்டமாகப் பிரித்துப் பார்த்தால் திறமையின் பங்கு ஒரு பிளைண்டில் இருபதில் ஒரு பாகம், ஊசலாட்டம் 9 பிளைண்ட்; விகிதம் 180 மடங்கு.

இவ்வளவு பெரிதாக இருக்கக் காரணம், பணம் கைமாறும் விதம். பெரும்பாலான ஆட்டங்களில் சீட்டைப் பார்த்ததும் மடித்துப் போட்டுவிடுவார்கள். போவது கட்டாயப் பந்தயம் மட்டும். நூறு, இருநூறு பிளைண்ட் நடுவில் சேரும் ஆட்டங்கள் அபூர்வம். ஆனால் மாதக் கணக்கைத் தீர்மானிப்பவை அந்த அபூர்வ ஆட்டங்களே. பந்தயத்துக்கு உச்சவரம்பு உள்ள லிமிட் போக்கரில் ஊசலாட்டம் குறைவு. நான்கு சீட்டு தரும் ஓமஹாவில் இரு தரப்பின் பலமும் நெருங்கி நிற்பதால் அது அதிகம். மேசையில் ஆட்கள் குறைந்தாலும், பலமில்லாத சீட்டோடு பந்தயம் கட்டி எதிரியை மிரட்டும் பிளஃப் பாணியில் துணிந்து ஆடினாலும் கூடும்.

ஆட்டங்கள் பெருகப் பெருகத் திறமையும் அதிர்ஷ்டமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. திறமையால் வரும் லாபம் ஆட்ட எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஏறும்: நான்கு மடங்கு ஆட்டம், நான்கு மடங்கு லாபம். ஊசலாட்டமோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும்: நான்கு மடங்கு ஆட்டத்துக்கு இரண்டு மடங்குதான். மேலே போனதும் கீழே போனதும் ஓரளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்வதே காரணம். யாக்கோப் பெர்னூலியின் நூல் அவர் இறந்தபின் 1713-இல் வெளிவந்தபோது பேரெண் விதிக்கு முதல் நிரூபணம் கிடைத்தது. 1733-இல் ஆப்ரகாம் டி மாவர் அந்த ஊசலாட்டத்தின் வடிவத்தையே, இன்று இயல்நிலைப் பரவல் எனப்படும் மணி வடிவ வளைவை, கண்டறிந்தார். சீட்டும் தாயக்கட்டையும் ஆடியவர்களின் கேள்விகளிலிருந்து பிறந்த கணிதம் இது. இன்று காப்பீட்டிலும் மருந்துச் சோதனையிலும் வேலை செய்கிறது.

அந்த வளைவைக் கொண்டு நம் நல்ல ஆட்டக்காரரைப் பின்தொடரலாம். 1,000 ஆட்டங்களின் முடிவில் அவர் 50 பிளைண்ட் லாபத்தில் இருக்க வேண்டும். திட்ட விலக்கமோ 285. அவரைப் போன்றே ஆடும் நூறு பேரை வைத்துப் பார்த்தால் 43 பேர் நஷ்டத்தில் இருப்பார்கள். 10,000 ஆட்டங்களில் எதிர்பார்ப்பு 500, திட்ட விலக்கம் 900. அப்போதும் 29 பேர் நஷ்டத்தில். 1,00,000 ஆட்டங்களில் எதிர்பார்ப்பு 5,000, திட்ட விலக்கம் ஏறத்தாழ 2,850. நஷ்டக்காரர்கள் நான்கு பேர். பத்து லட்சத்தை எட்டும்போதுதான் நஷ்டம் என்ற பேச்சே இல்லாமல் போகிறது.

இந்த எண்களை நாட்காட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். கேசினோவில் தினம் எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் ஆடுபவருக்கு மாதம் 6,000 ஆட்டம் ஆகும். 1,00,000 ஆட்டத்தைத் தொட ஏறத்தாழ பதினேழு மாதம். ஒன்றரை வருடம் முழுநேர வேலையாக, தவறில்லாமல் ஆடிய நூறு பேரில் நான்கு பேர் கையை விட்டுப் பணம் போட்டிருப்பார்கள். வேறெந்தத் தொழிலிலும் இது நடக்குமா? நன்றாகத் தச்சு வேலை தெரிந்தவருக்கு ஒன்றரை வருடக் கூலி நஷ்டத்தில் முடிவதில்லை. வேலைக்கும் கூலிக்கும் நடுவே இருக்க வேண்டிய கயிறு இங்கே இத்தனை நீளமாக, இத்தனை தொய்வாக இருக்கிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதுதான் அதிக ஆபத்தானது. நூறு ஆட்டத்துக்கு 5 பிளைண்ட் இழக்கும் ஒருவரை எடுத்துக்கொண்டால் எண்கள் அப்படியே தலைகீழாகும். 10,000 ஆட்டங்கள் ஆடிய பிறகும் அப்படிப்பட்ட நூறு பேரில் 29 பேர் லாபத்தில் இருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கணக்குப் புத்தகம் உண்மையாகவே லாபம் காட்டுகிறது. "எனக்கு ஆட வருகிறது" என்ற நம்பிக்கையோடு அவர்கள் பெரிய மேசைக்குப் போகிறார்கள், கடன் வாங்குகிறார்கள், வேலையை விடுகிறார்கள். ஆரம்ப மாதங்களில் தோற்றவர் விலகிப் பிழைத்துக்கொள்ள, ஜெயித்தவர் மாட்டிக்கொள்கிறார். இதோடு ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுப்பணத்திலிருந்து நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் ரேக் வேறு. அந்தக் கழிவு போனபின் ஒரு மேசையில் உட்கார்ந்தவர்களின் கூட்டுத்தொகை எப்போதும் நஷ்டம்தான்.

ஏற்ற இறக்கத்தின் இன்னொரு முகம், உச்சியிலிருந்து சரிவு. ஆட்டக்காரர்கள் டவுன்ஸ்விங் என்பார்கள். ஜெயிக்கும் ஆட்டக்காரரின் வரைபடம் ஏணிபோல ஏறும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது மலைப்பாதை. நீண்ட நாள் ஆடிவரும் நம் நல்ல ஆட்டக்காரரின் கணக்கை ஏதோ ஒரு நாளில் திறந்து பார்த்தால், அவர் தன் பழைய உச்சத்திலிருந்து சராசரியாக எவ்வளவு கீழே இருப்பார்? திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை வருமானத்தின் இரு மடங்கால் வகுத்தால் விடை கிடைக்கும்: 8,100-ஐ 10-ஆல் வகுக்க, 810 பிளைண்ட். எட்டு முறை மேசைக்குக் கொண்டுவந்த பணம் முழுவதையும் இழந்ததற்குச் சமம் இது. இதுவே அவருடைய சாதாரண நாள்! வருமானம் பாதியாகி நூறு ஆட்டத்துக்கு 2.5 பிளைண்ட் என்றால் அந்தச் சரிவு 1,620. ஜெயிப்பவர் தன் காலத்தின் பெரும் பகுதியை "முன்பு இதைவிட நன்றாக இருந்தேன்" என்ற நினைப்போடுதான் கழிக்கிறார்.

ஆகவே கைமுதல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது விருப்பத்தைப் பொறுத்த கேள்வியாக இல்லாமல் கணக்காகிறது. சூதாடியின் திவால் என்னும் இந்தக் கணக்கை கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1657-இலேயே தன் நூலில் வைத்தார். நூறு ஆட்டத்துக்கு 5 பிளைண்ட் சம்பாதிப்பவர் 1,000 பிளைண்ட் கைமுதலோடு இறங்கினால் என்றாவது ஒருநாள் முழுவதும் இழக்கும் வாய்ப்பு 29 சதவீதம். 2,000 இருந்தால் 8.5 சதவீதம். 4,000 இருந்தால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கைமுதல் இரட்டிக்கும்போது ஆபத்து பாதியாவதில்லை. தன்னோடு தானே பெருக்கிக்கொண்டு சுருங்குகிறது. ஆனால் இதெல்லாம் எடுத்துச் செலவழிக்காத கைமுதலுக்கு. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்து போனால் அந்தத் தொகையை வருமானத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் ஆபத்தைக் கணக்கிட வேண்டும். வருமானம் 5-லிருந்து 2.5-ஆக இறங்கினால் 2,000 பிளைண்ட் வைத்திருந்தவரும் பழைய 29 சதவீதத்துக்கே திரும்பி வந்துவிடுகிறார். வருமானம் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் எந்தக் கைமுதலும் போதாது. திவால் நிச்சயம், நாள்தான் தெரியாது.

போட்டித் தொடர்களில் ஊசலாட்டம் இன்னும் கடுமையானது, ஏனெனில் பரிசுப் பணத்தின் பெரும் பங்கு முதல் சில இடங்களுக்கே போகிறது. நூறு பேர் ஆடும் போட்டியில் மற்றவர்களைவிட இரு மடங்கு வல்லவருக்கும் முதலிடம் ஐம்பதில் ஒன்று. வாரம் ஒரு போட்டி என்று வருடம் முழுவதும் ஆடினாலும் ஒன்றில்கூட முதலிடம் வராமல் போக 35 சதவீத வாய்ப்பு உண்டு. உலகத் தொடர் போக்கரின் 2003 முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். இணையத் தகுதிச் சுற்றில் சிறு தொகை கட்டி உள்ளே வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த அளவுக் கூட்டத்தில் சராசரியைவிட இரு மடங்கு வல்லவர் முதலிடம் பெறச் சராசரியாக 420 முறை ஆட வேண்டும். போட்டியோ வருடத்துக்கு ஒன்று. மணிமேக்கரின் வெற்றி லட்சக்கணக்கானோரை மேசைக்கு இழுத்தது. ஒரே ஒரு விளைவிலிருந்து அத்தனை பேர் பாடம் படித்தார்கள்.

இவ்வளவையும் மனித மனம் எடுத்துக்கொள்ளும் விதத்தை விளக்கியவர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும். 1971-இல் அவர்கள் எழுதிய கட்டுரை, சிறிய மாதிரியும் பெரிய மாதிரியைப்போலவே உண்மையைக் காட்டும் என்று புள்ளியியல் பயின்றவர்கள்கூட நம்பிவிடுவதைக் காட்டியது. 1979-இல் வெளிவந்த அவர்களது மற்றொரு ஆய்வின் மையம், இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரியது என்பது. பின்னாளைய மதிப்பீடுகள் அதை ஏறத்தாழ இரு மடங்கு என்கின்றன. நம் நல்ல ஆட்டக்காரர் ஒரு அமர்வில் 200 ஆட்டம் ஆடினால், நூறு அமர்வில் 47 நஷ்டத்தில் முடியும். பணக் கணக்கில் அவர் முன்னேறுகிறார். மனக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் பின்னுக்குப் போகிறார். இந்த இடைவெளியிலிருந்துதான் டில்ட் பிறக்கிறது: தோற்றதை இன்றிரவே மீட்க வேண்டும் என்ற பதற்றத்தில், மடிக்க வேண்டிய சீட்டை மடிக்காமல் ஆடுவது. அதிர்ஷ்டத்தால் வந்த இழப்பைத் தவறால் பெருக்கிக்கொள்ளும் அந்த நேரத்தில் நூறு ஆட்டத்துக்கு 5 என்ற அவருடைய வருமானமே மாறிவிடுகிறது. "இன்று சீட்டே விழவில்லை, இனி விழுந்துதான் ஆக வேண்டும்" என்பது அப்போது எழும் நம்பிக்கை. குலுக்கிய கட்டுக்கு நேற்றைய ஆட்டம் நினைவில் இருப்பதில்லை.

ஆட்டத் திறமையை இந்த இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க முடியுமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை கணினி ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டுவோமாஸ் சாண்ட்ஹோமின் குழு உருவாக்கிய கிளாடிகோ என்ற நிரல் 2015-இல் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஒருவருக்கு ஒருவராக 80,000 ஆட்டங்கள் ஆடியது. மனிதர்கள் மொத்தம் 7,32,713 சிப் முன்னிலையில் முடித்தார்கள். பிளைண்ட் 100 சிப் என்பதால் இது நூறு ஆட்டத்துக்கு 9 பிளைண்டுக்கும் மேல். அப்படியும் பல்கலைக்கழகம் இதைப் புள்ளியியல் நோக்கில் சமன் என்றே அறிவித்தது. தனித்தனியே பார்த்தால் பியோன் லீ 5,29,033 வென்றிருந்தார். ஜேசன் லெஸ் 80,482 இழந்திருந்தார். எதிரி ஒரே நிரல்.

அதிர்ஷ்டத்தை மட்டுப்படுத்த அமைப்பாளர்கள் செய்திருந்த ஏற்பாடு எளிமையானது, அழகானது. மனிதர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். ஒருவருக்கு ஏஸ் ஜோடியும் நிரலுக்கு ராஜா ஜோடியும் வந்தால், இன்னோர் இடத்தில் அவருடைய இணைக்கு ராஜாவும் நிரலுக்கு ஏஸும் வரும். பொதுச் சீட்டும் அதேதான். இருவர் கணக்கையும் கூட்டும்போது சீட்டின் அதிர்ஷ்டத்தில் பெரும் பகுதி கழிந்துபோகும். 2017 ஜனவரியில் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் லிப்ரேடஸ் என்ற புதிய நிரலோடு வந்தபோதும் இதே முறைதான். கூடுதலாக, கடைசிச் சீட்டுக்கு முன்பே ஆல்-இன் ஆனால், விழுந்த சீட்டைப் பார்க்காமல் எதிர்பார்ப்பு மதிப்பின்படியே சிப் பிரிக்கப்பட்டது. ஏஸுக்கு 82, ராஜாவுக்கு 18 என்று.

இருபது நாளில் 1,20,000 ஆட்டங்கள். லிப்ரேடஸ் 17,66,250 சிப் முன்னிலையில் வென்றது. நூறு ஆட்டத்துக்கு 14.7 பிளைண்ட். இம்முறை முடிவில் ஐயமில்லை. நான்கு பேரும் தோற்றிருந்தார்கள். ஆனால் தலைக்கு 30,000 ஆட்டங்கள் ஆடிய பிறகு டாங் கிம்மின் இழப்பு 85,649, ஜேசன் லெஸ்ஸின் இழப்பு 8,80,087. இரண்டும் தொழில்முறைக் கைகள். பத்து மடங்கு வித்தியாசத்தில் திறமையின் பங்கு எவ்வளவு, எஞ்சிய அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த இரு எண்களை மட்டும் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் கேட்கும் கேள்வி இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது. ஒரு இரவுக்கு ஒரு விடை, பத்து லட்சம் ஆட்டத்துக்கு வேறு விடை, இரண்டும் சரி. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் போக்கரை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையிலிருந்து அவற்றை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவைத்தது. திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் இரண்டும் கலந்ததானாலும், பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது அது.